வெர்சாய்க்குப் போகும் வழி

இருபத்தெட்டு வருடம் புதுச்சேரியில் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினேன். ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்புக்கு முதல் உலகப் போர், அது முடிந்ததும் வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை. காரணங்கள், போக்கு, விளைவுகள் என்று கரும்பலகையில் மூன்று தலைப்பு போடுவேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், ஐந்து மதிப்பெண் கேள்வியாக அது வரும். இந்த மே மாதம் ஓய்வு பெற்றேன். பாரிசில் வேலை பார்க்கும் அண்ணன் மகன், "அத்தை, அந்த உடன்படிக்கைக்கு இந்த வருஷம் நூறு வருஷம் ஆகுது, வந்து பாத்துட்டுப் போங்க, நான் லீவு போடறேன்" என்றான். வெர்செய்ல்ஸை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு முன்னால் என்ன நடந்ததோ அந்த இடங்கள் வழியாகத்தான் அங்கே போக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். தினமும் ராத்திரி படுக்கும் முன் எழுதி வைத்தது இது.

3 அக்டோபர் 2019, வியாழன். ஈப்பர், பெல்ஜியம்

ரயிலை விட்டு இறங்கும்போதே தூறல். இந்த ஊரைப் பிரெஞ்சில் ஈப்ர் என்கிறார்கள், ஊர்க்காரர்கள் ஈப்பர் என்கிறார்கள், போரில் வந்த ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு இரண்டும் வாயில் நுழையாமல் வைப்பர்ஸ் என்று ஆக்கிவிட்டார்களாம்.

சந்தைத் திடலில் துணி வணிகர்களின் பழைய மண்டபம் ஒன்று நிற்கிறது. உயரமான மணிக்கூண்டு, வரிசையாகக் கூர்வளைவு சன்னல்கள். எழுநூறு வருடக் கட்டடம் என்று நினைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே போய்ப் பழைய புகைப்படங்களைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. நான்கு வருடக் குண்டுவீச்சில் இந்த ஊரில் ஒரு கூரைகூட மிஞ்சவில்லை. சிதைவுகளை அப்படியே நினைவிடமாக விட்டுவிட வேண்டும் என்று சர்ச்சில் சொல்லிப் பார்த்தார், திரும்பி வந்த மக்கள் கேட்கவில்லை, எங்கள் வீடு எங்களுக்கு வேண்டும் என்று பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு கல் கல்லாகக் கட்டினார்கள். இந்த மண்டபம் முழுசாக முடிந்தது 1967இல்தான். நான் பிறந்த பிறகு முடிந்த கட்டடம் இது.

சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு வறுவல். தள்ளுவண்டி மாதிரி ஒரு கடை, காகிதக் கூம்பில் கொடுக்கிறார்கள், 3 யூரோ, நம் காசுக்கு 230 ரூபாய்க்கு மேல். இரண்டு முறை பொரிப்பார்களாம், முதலில் மிதமான சூட்டில், ஆறவிட்டு அப்புறம் நல்ல சூட்டில். மேலே முறுமுறு, உள்ளே மாவு. கடைக்காரம்மா நான் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கூம்பைச் சுற்றி இன்னொரு காகிதம் சுற்றிக் கொடுத்தார்.

ராத்திரி எட்டு மணிக்கு மெனின் வாயில். ஊரின் கிழக்கு எல்லையில் பெரிய வளைவு, 1927இல் திறந்தது. உள்சுவர், படிக்கட்டு, மாடம் எல்லா இடத்திலும் பெயர்கள், உடல் கிடைக்காத 54,000 பேருக்கு மேல். 1928லிருந்து தினமும் எட்டு மணிக்குச் சாலையை மறித்து எக்காளம் ஊதுகிறார்கள், இரண்டாம் போரில் ஜெர்மானியர் ஊரைப் பிடித்திருந்த வருடங்கள் மட்டும்தான் விட்டுப்போனது. ஊதுபவர்கள் உள்ளூர்த் தீயணைப்புப் படையின் தன்னார்வலர்கள். நான் குள்ளம், எதுவும் தெரியவில்லை. முன்னால் நின்ற நெடிய பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டு முன்னால் நிறுத்தினார், கை தட்டக் கூடாது என்று மெதுவாகச் சொல்லியும் கொடுத்தார். சில நூறு பேர் நின்ற இடத்தில் இருமல் சத்தம்கூட இல்லை.

கலைந்த பிறகு படிக்கட்டில் ஏறிப் பெயர்களைப் படித்தேன். ஆங்கிலப் பெயர்களுக்கு நடுவே சிங், கான், தாப்பா. அவர்கள் இங்கே வந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் பாடம் நடத்தும்போது அதற்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறேன்.

4 அக்டோபர், வெள்ளி. ஊருக்கு வெளியே, மிதிவண்டியில்

ஒரு நாளுக்கு 12 யூரோ என்று இரண்டு மிதிவண்டி எடுத்தோம். சமதளம், காற்று மட்டும் எதிரே வந்து அடிக்கிறது. வழி முழுக்க வயல், சாலையோரத்தில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கைப் பிடுங்கி ஆள் உயரத்துக்குக் குவித்திருக்கிறார்கள், சேறு அப்பிய டிராக்டர் சக்கரங்கள் தார்ச்சாலையிலும் சேற்றை இழுத்துவிட்டுப் போகின்றன.

டைன் காட் கல்லறைக்குப் போகும் வழியில் என் வண்டி பஞ்சர். பக்கத்தில் இருந்த பண்ணை வீட்டில் கேட்டோம். அந்த வீட்டம்மா தண்ணீர் வாளியில் டியூபை முக்கி, ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து, ஒட்டுப் போட்டு, கை கழுவிவிட்டு காபியும் கொடுத்தார், காசு வாங்கவில்லை. கொட்டகைச் சுவரோரம் துருப்பிடித்த இரும்பு உருளைகள் ஐந்தாறு அடுக்கியிருந்தன. அண்ணன் மகன் கிட்டே போகப் பார்த்தான், அந்தம்மா ஒரே அதட்டாக அதட்டினார். வெடிக்காத பீரங்கிக் குண்டுகள். ஒவ்வொரு வருடமும் உழவு சமயத்தில் வருமாம், ராணுவத்துக்குத் தொலைபேசியில் சொன்னால் வண்டி வந்து எடுத்துப் போகும். சிலவற்றில் நச்சுப்புகை இன்னும் அடைந்திருக்கிறது. அவருடைய மாமனார் காலத்திலும் இப்படித்தானாம். நம் வீட்டில் தேள் வந்ததைச் சொல்வதுபோல அவ்வளவு இயல்பாகச் சொன்னார்.

என் அப்பா கெட்டிக்காரப் பயல் யாரையாவது பார்த்தால் "அவன் எம்டன்டா" என்பார். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் அது. எங்கள் வீட்டில் முதல் உலகப் போர் என்று இருந்தது அந்த ஒரு சொல்தான். இந்த அம்மாவுக்கு அது கொட்டகைச் சுவரோரம் கிடக்கிறது.

டைன் காட்டில் கிட்டத்தட்ட 12,000 கல்லறைகள், அவற்றில் 8,300க்கு மேல் யாருடையது என்றே தெரியாதவை. 1917 ஜூலை கடைசியிலிருந்து நவம்பர் வரை பாசெண்டேல் என்ற சின்ன ஊரைப் பிடிக்க நடந்த சண்டை, விடாத மழையில், மனிதரும் குதிரைகளும் சேற்றில் மூழ்கியே செத்தார்கள். பார்வையாளர் கூடத்துக்குள் ஒரு பெண் குரல் ஒவ்வொரு பெயராக, வயதோடு, நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பத்தொன்பது. இருபத்து மூன்று. பத்தொன்பது. நான் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் வேகம் அது. நின்று கேட்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

லாங்கமார்க் ஜெர்மானியர் கல்லறை. இங்கே வெள்ளைக் கல் கிடையாது, கருவாலி மரங்களின் நிழலில் தரையோடு தரையாகக் கருங்கற்கள். 44,000 பேருக்கு மேல் புதைத்த இடம், அதில் பாதிக்கு மேல் ஒரே குழியில். நாங்கள் இருந்த அரை மணி நேரத்தில் இன்னும் இரண்டே பேர்தான் வந்தார்கள். இந்த வட்டாரத்தில்தான் 1915 ஏப்ரல் 22 மாலையில் ஜெர்மானியர் குளோரின் நச்சுப்புகையைக் காற்றில் திறந்துவிட்டார்கள். அந்த வழியாக நான்கு நாள் கழித்து எதிர்த்தாக்குதலுக்கு அனுப்பப்பட்டது இந்தியாவின் லாகூர் படைப்பிரிவு. முகமூடி கிடையாது. ஜமேதார் மீர் தஸ்த் புகையை மூச்சில் வாங்கிக்கொண்டே எட்டு அதிகாரிகளைத் தூக்கி வந்து காப்பாற்றினார் என்று விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள், பிரிட்டிஷ் படையின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அது.

திரும்பும்போது நல்ல மழை, காலணி ஊறிவிட்டது. விடுதியில் செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து வைத்திருக்கிறேன்.

5 அக்டோபர், சனி. நெவ் ஷப்பெல், பிரான்ஸ்

லா பாசே என்ற சிறு நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து போகும் பேருந்து என்று இணையத்தில் பார்த்து வைத்திருந்தது சனிக்கிழமை ஓடாது என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. டாக்சியும் இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நடை, சாலையோரத்தில், கனரக வண்டிகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போக. ஒரு முதியவர் காரை நிறுத்தி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டு, கடைசி ஒரு மைலுக்கு ஏற்றிக்கொண்டார். "இந்துக்களிடமா?" என்று கேட்டாராம், அண்ணன் மகன் மொழிபெயர்த்தான். இந்தியர் எல்லோரையும் இந்துக்கள் என்று சொல்வது இங்கே பழைய வழக்கமாம்.

நான்கு சாலைகள் சந்திக்கும் இடத்தில், வயலுக்கு நடுவே, வட்டமான வெள்ளைச் சுவர். ஒரு பாதி நம் பக்கத்துக் கல் சன்னல்போல அறுகோணமாகக் குடைந்த வேலைப்பாடு. நடுவில் பதினைந்து மீட்டர் தூண், உச்சியில் தாமரை, அடியில் இரண்டு பக்கமும் கல் புலிகள். தூணில் ஆங்கிலம், அரபு, இந்தி, குர்முகி நான்கிலும் எழுதியிருக்கிறது. சுவர் முழுக்கப் படைப்பிரிவு வாரியாகப் பெயர்கள், 4,700க்கு மேல். எங்கள் இருவரைத் தவிர அங்கே யாருமே இல்லை.

1914 செப்டம்பர் கடைசியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கியவர்கள் இவர்கள். பருத்திச் சீருடையோடு அக்டோபர் குளிருக்குள் கொண்டுவரப்பட்டு, அந்த மாதமே ஈப்பர் பக்கம் பதுங்குகுழிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 1915 மார்ச் 10 காலையில் இந்த ஊரைப் பிடிக்கும் தாக்குதலில் பாதிப் படை இந்தியப் படை. முதல் நாளே ஊரைப் பிடித்தார்கள், அதற்கு மேல் நகர முடியவில்லை. மூன்று நாளில் 4,000க்கு மேற்பட்ட இந்தியர் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். கார்வால் படையின் கப்பர் சிங் நேகி, விக்டோரியா சிலுவை, அன்றே இறந்தார். பதக்கம் வீட்டுக்குப் போனது. அந்த வருடக் கடைசியில் மிஞ்சிய காலாட்படையை மெசபொடேமியாவுக்கு, இன்றைய ஈராக் பக்கம், அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையிலும் ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கிறது, பிரான்சுக்காகச் செத்த பிரெஞ்சிந்தியச் சிப்பாய்களுக்கு. ஜூலை 14 அன்று விளக்குப் போடுவார்கள். முப்பது வருடம் காலை நடைக்கு அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு நாளாவது நின்று படித்திருந்தால் என்ன.

இங்கே நின்று படித்தேன். ஒரு சுவரை முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. சுவர்ப் பெட்டிக்குள் வருகைப் பதிவேடு இருந்தது, என் பெயரைத் தமிழில் எழுதினேன். அண்ணன் மகன் கொண்டுவந்திருந்த ரொட்டியையும் ஆரஞ்சுப் பழத்தையும் வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காற்றில் கிழங்கு வயல் வாசனை.

6 அக்டோபர், ஞாயிறு. வழியிலேயே

மூன்று ரயில், ஒரு பேருந்து, நாள் முழுக்க மழை. வெர்தூன் போய்ச் சேர்ந்தபோது கடைகள் எல்லாம் அடைத்துவிட்டார்கள். பிஸ்கட்டும் வாழைப்பழமும்தான். இதற்கு மேல் எழுதத் தெம்பில்லை.

7 அக்டோபர், திங்கள். வெர்தூன்

இன்று ஊரில் ஆயுத பூஜை. காலையில் அண்ணி கூப்பிட்டு, புத்தகம், தையல் மெஷின், அண்ணனின் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது, பொரி கடலை பாக்கெட் போடுகிறேன் என்றார்.

போர்க்களம் பக்கம் பேருந்து வசதி இல்லை. தங்கிய வீட்டுக்காரர், எழுபதைத் தாண்டியவர், பெட்ரோலுக்கு மட்டும் கொடுங்கள் என்று தன் காரில் அழைத்துப் போனார். வழியெல்லாம் காடு. நல்ல காடு என்றேன். இது காடு இல்லை என்றார். போர் முடிந்தபோது இந்த மண்ணில் எதையும் விதைக்க முடியாது, யாரும் குடியேறக் கூடாது என்று அரசு சிவப்பு மண்டலமாக அறிவித்து மரம் நட்டுவிட்டது. மரங்களுக்கு அடியில் தரை எங்கேயும் சமமாக இல்லை, அம்மைத் தழும்புபோல பள்ளம் பள்ளமாக, புல் மூடி.

ஃப்ளூரி என்ற கிராமம். நானூறு பேர் சொச்சம் இருந்த ஊர். 1916இல் பதினாறு முறை கை மாறியது, கடைசியில் ஒரு சுவர்கூட நிற்கவில்லை. இப்போது புல்மேட்டுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, அங்கங்கே சின்னச் சின்ன அடையாளக் கம்பங்கள். இங்கே ரொட்டிக் கடை. இங்கே கொல்லன் பட்டறை. இங்கே பள்ளிக்கூடம். ஊரில் யாரும் இல்லை, ஆனாலும் ஊருக்கு இன்றைக்கும் ஒரு மேயர் நியமிக்கிறார்கள், பெயர் அழியக் கூடாது என்று. பள்ளிக்கூடம் என்று எழுதிய கம்பத்துக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன், வீட்டுக்காரர் அவசரப்படுத்தவில்லை.

துவோமோன் எலும்பு மண்டபம். நீளமான கல் கட்டடம், நடுவில் 46 மீட்டர் கோபுரம். பின்பக்கம் போய்க் குனிந்தால் தரையை ஒட்டிய சின்னக் கண்ணாடி சன்னல்கள். உள்ளே எலும்பு. தொடை எலும்புகள் ஒரு பக்கம், மண்டை ஓடுகள் ஒரு பக்கம். சுமார் 1,30,000 பேர், யார் பிரெஞ்சுக்காரர் யார் ஜெர்மானியர் என்று பிரிக்க முடியாமல் ஒன்றாக. 1916 பிப்ரவரி 21 முதல் டிசம்பர் 18 வரை, பத்து மாதத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று லட்சம் பேர் செத்த இடம். கடைசியில் படைகள் நின்ற கோடு ஏறக்குறைய தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது.

என் பாடத்தில் அப்போதைய பிரெஞ்சுப் பிரதமரைப் பற்றி ஒரு வரி உண்டு. "கிளெமான்சோ ஜெர்மனியைப் பழிவாங்க விரும்பினார்." அதை எத்தனை பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தேன் என்று கணக்கே இல்லை. பிரான்ஸ் இந்தப் போரில் கிட்டத்தட்ட 14 லட்சம் சிப்பாய்களை இழந்தது, வட பகுதியின் சுரங்கம், ஆலை, வயல் எல்லாம் போனது. 1870இல் ஒரு முறை, 1914இல் ஒரு முறை ஜெர்மன் படை உள்ளே வந்ததைத் தன் ஆயுளிலேயே பார்த்தவர் அவர். பழி மட்டும் இல்லை, மூன்றாவது முறை வரக் கூடாது என்ற பயமும் அதில் இருந்திருக்கிறது. அந்த பயத்தில் எழுதிய உடன்படிக்கை இருபது வருடத்தில் மூன்றாவது முறையைக் கொண்டுவந்து சேர்த்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை.

வாசலுக்கு எதிரே கல்லறைகளின் முன்னால் 1984 செப்டம்பர் 22 அன்று மித்தரானும் கோலும், பிரெஞ்சு அதிபரும் ஜெர்மன் சான்சலரும், கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்காரர் அன்று கூட்டத்தில் இருந்தாராம். எங்கே நின்றார் என்று காட்டினார், அப்புறம் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்விட்டார்.

ஊருக்குள் வந்து வெர்தூனின் பேர்போன இனிப்பு ஒன்று வாங்கினேன், வாதுமைப் பருப்பின் மேல் கெட்டியான சர்க்கரைப் பூச்சு, ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் பிரான்ஸ் முழுக்கக் கொடுப்பது. நம் ஊர் சீரக மிட்டாயைப் பெரிதாக்கிய மாதிரி. வீட்டுக்காரரிடம் ஒரு பொட்டலம் கொடுத்து, இன்று எங்கள் ஊரில் பண்டிகை என்றேன். என்ன பண்டிகை என்று கேட்டார். கருவிகளுக்கு நன்றி சொல்லும் நாள் என்றேன்.

8 அக்டோபர், செவ்வாய். பாரிஸ், லா ஷப்பெல்

ஆறு நாள் ரொட்டியும் உருளைக்கிழங்கும் போதும் என்று ஆகிவிட்டது. வட ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பெல் தெருவில் ஈழத் தமிழர் கடைகள். இடியாப்பம், சொதி, சம்பல், கணவாய்க் கறி. இரண்டு பேருக்கு 17 யூரோ. வெளியில் பெயர்ப்பலகை எல்லாம் தமிழில், மழையில் நனைந்த முருங்கைக்காய்க் கட்டு வாசலில்.

பரிமாறிய ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். "எங்கை போட்டு வாறியள்?" என்று கேட்டார். சொன்னேன். செத்த எல்லாருக்கும் பேர் எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். உடல் கிடைக்காதவர்களுக்குக்கூட எழுதியிருக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "கிடைக்காத ஆக்களுக்குமோ" என்றார். அப்புறம் கேட்காமலே இன்னும் இரண்டு இடியாப்பம் கொண்டுவந்து வைத்தார்.

9 அக்டோபர், புதன். கொம்பியேன் காடு

பாரிசுக்கு வடக்கே ரயிலில் ஒரு மணி நேரம் போல. நிலையத்திலிருந்து டாக்சி. இன்று வெயில், பீச் மரங்களின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன.

காட்டுக்குள் வட்டமான வெட்டவெளி. 1918 நவம்பர் 11 விடியற்காலை ஐந்தேகால் மணி வாக்கில், பிரெஞ்சுத் தளபதி ஃபோஷின் ரயில் பெட்டியில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. ஜெர்மன் பக்கம் தலைமை ஏற்று வந்தவர் மத்தியாஸ் எர்ஸ்பெர்கர், சிப்பாய் இல்லை, அரசியல்வாதி. சில வாரம் முன்புதான் மகனை ஃப்ளூ காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தார். தோற்ற தளபதிகள் ஒதுங்கிக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டவர் துரோகி ஆனார், 1921 ஆகஸ்டில் சுட்டுக் கொன்றார்கள். பாடப்புத்தகத்தில் அவர் பெயர் கிடையாது.

காலை 11 மணிக்குத்தான் சண்டை நிற்கும் என்று எழுதியிருந்தார்கள். கையெழுத்துக்கும் அதற்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஒரு நாளில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். கடைசியாக விழுந்த பிரெஞ்சுச் சிப்பாய் ஓகுஸ்தான் த்ரெபுஷோன், மூஸ் நதிக்கரையில், 11 மணிக்கு ஒரு சில நிமிடம் முன்னால். அவர் கல்லறையில் நவம்பர் 10 என்று தேதி போட்டிருக்கிறார்கள். சமாதான நாளில் செத்தார் என்று எழுத யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. எனக்கு இதைப் படித்ததும் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

1940 ஜூன் 22 அன்று அதே பெட்டியை அதே இடத்துக்கு இழுத்து வந்து ஹிட்லர் பிரான்சைக் கையெழுத்துப் போட வைத்தார். பெட்டியை பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள், 1945இல் அது எரிந்து போனது. இப்போது உள்ளே நிற்பது அதே வரிசையில் செய்த இன்னொரு பெட்டி, 1950இல் வைத்தது. கண்ணாடிக்கு அப்பால் மேசை, நாற்காலிகள், யார் எங்கே உட்கார்ந்தார் என்ற சீட்டு. எவ்வளவு சின்ன மேசை அது. எங்கள் பள்ளி ஆசிரியர் அறை மேசை இதைவிடப் பெரியது.

திரும்பும்போது டாக்சிக்குக் காத்திருந்தது ஒரு மணி நேரம். வாசலில் டிக்கெட் கொடுத்த பெண் நாற்காலியை வெயிலில் கொண்டுவந்து போட்டு என்னை உட்கார வைத்தார்.

10 அக்டோபர், வியாழன். வெர்சாய்

புத்தகத்தில் வெர்செய்ல்ஸ், இங்கே வெர்சாய். நுழைவு 18 யூரோ, வரிசையில் ஒன்றரை மணி நேரம், தங்கம் பூசிய கதவில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. முன்னால் நின்ற கொரியக் குடும்பத்துப் பாட்டியும் நானும் மொழி இல்லாமலேயே மாறி மாறி ஒருவருக்கொருவர் குடை பிடித்தோம்.

கண்ணாடி மண்டபம். 73 மீட்டர் நீளம், தோட்டத்தைப் பார்த்து 17 சன்னல், எதிரே 17 வளைவுகளில் 357 கண்ணாடிகள். 1871 ஜனவரி 18 அன்று ஜெர்மானியர் பிரான்சைத் தோற்கடித்துக்கொண்டிருந்தபோதே இங்கேதான் தங்கள் பேரரசை அறிவித்தார்கள். 1919இல் பாரிஸ் மாநாட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் அதே ஜனவரி 18இல் தொடங்கினார்கள், கையெழுத்தை இதே மண்டபத்தில், ஜூன் 28இல், போரைத் தொடங்கி வைத்த சரயேவோக் கொலை நடந்து சரியாக ஐந்து வருடத்தில் வைத்தார்கள். காவலுக்கு நின்ற பெண்ணிடம் மேசை எங்கே போட்டிருந்தார்கள் என்று கேட்டோம். மண்டபத்தின் நடுப்பகுதியைக் காட்டினார். ரொம்பப் பேர் கேட்பதில்லை என்றார். அந்த இடத்தில் ஒரு புதுமணத் தம்பதி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்மானியரைப் பேச்சுவார்த்தைக்கு உட்கார வைக்கவில்லை. மே 7இல் அச்சடித்த பிரதியைக் கையில் கொடுத்து, சொல்ல வேண்டியதை எழுத்தில் சொல்லுங்கள் என்றார்கள். 440 விதிகள். படை ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடாது, எல்லையில் உள்ள அல்சேஸ் லொரைன் பகுதி பிரான்சுக்கு, குடியேற்ற நாடுகள் எல்லாம் பறிமுதல். 231ஆவது விதி, சேதம் அனைத்துக்கும் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் பொறுப்பு என்றது. நஷ்டஈடு கேட்க ஒரு சட்ட அடிப்படை வேண்டுமே என்று எழுதியது, ஆஸ்திரியா, ஹங்கேரி உடன்படிக்கைகளிலும் அதே வாசகம்தான், ஆனால் ஜெர்மானியர் அதைக் குற்றவாளி என்று நெற்றியில் எழுதியதாகத்தான் படித்தார்கள். தொகை 1921இல்தான் முடிவானது, 13,200 கோடி தங்க மார்க். அது சம்பந்தமான கடன் பத்திரங்களின் கடைசித் தவணையை ஜெர்மனி கட்டியது 2010 அக்டோபர் 3 அன்று. ஒன்பது வருடம் முன்னால்! நான் அந்த வருடமும் இந்தப் பாடத்தை நடத்தினேன்.

ஜெர்மனிக்காகக் கையெழுத்திட வந்த ஹெர்மன் முல்லரும் யோஹன்னஸ் பெல்லும் பார்க்கட்டும் என்று முகம் சிதைந்த ஐந்து பிரெஞ்சுச் சிப்பாய்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் கிளெமான்சோ. பதுங்குகுழிகளில் கிடந்தவர்களின் சார்பில் அவர்களும் அந்த அறையில் இருந்தார்கள், சுற்றிலும் 357 கண்ணாடி.

இந்தியாவுக்காகவும் இரண்டு கையெழுத்து. இந்திய விவகார அமைச்சர் எட்வின் மாண்டேகு, பிகானேர் மகாராஜா கங்கா சிங். நெவ் ஷப்பெல் சுவரில் பார்த்த பெயர்கள்தான் அந்த இருக்கையை வாங்கிக் கொடுத்தன, பஞ்சாப் கிராமத்துப் பிள்ளைகளின் பெயர்கள் அதில் எத்தனையோ. ஏப்ரல் 11ஆம் தேதி பாரிசில், இனிப் போர் வராமல் தடுக்க நாடுகள் சேர்ந்து அமைக்கவிருந்த சர்வதேச சங்கத்தின் விதிகளை எழுதிய குழுவில், இனங்களுக்கிடையே சமத்துவம் வேண்டும் என்று ஜப்பான் கொண்டுவந்த வாசகத்துக்கு 17 பேரில் 11 பேர் ஆதரவு தந்தார்கள், எல்லோரும் ஒப்பவில்லை என்று தலைமையில் இருந்த அமெரிக்க அதிபர் வில்சன் அதைத் தள்ளிவிட்டார். இரண்டு நாள் கழித்து அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக். அங்கிருந்து இந்த மண்டபத்துக்கு 76 நாள். சண்டைக்குப் பிள்ளைகளை அனுப்பிய பஞ்சாபுக்குச் சமாதானம் வந்த விதம் அது. இதை நான் இரண்டு வெவ்வேறு பாடங்களில், இரண்டு வெவ்வேறு மாதங்களில் நடத்தியிருக்கிறேன். இரண்டு தேதிகளையும் ஒரே பலகையில் ஒரு நாளும் எழுதியதில்லை.

சீனா 1,40,000 பேரைக் கூலி வேலைக்கு மேற்குப் போர்முனைக்கு அனுப்பியிருந்தது. சீனாவின் ஷாண்டுங் மாகாணத்தில் ஜெர்மனி வசமிருந்த உரிமைகளைத் திருப்பித் தராமல் ஜப்பானுக்குக் கொடுத்ததால் சீனர்கள் கையெழுத்துக்கு வரவே இல்லை. அமெரிக்க செனட்டும் கடைசிவரை ஒப்புதல் தரவில்லை.

மண்டபத்தில் இருந்தது நாற்பது நிமிடம். அதன் பிறகு தோட்டத்தைக் கடந்து பெரிய திரியனோன் மாளிகைக்கு நடந்தோம், அரை மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. ஹங்கேரியோடு செய்த உடன்படிக்கை 1920 ஜூன் 4 அன்று இங்கே ஒரு நீண்ட கூடத்தில்தான் கையெழுத்தானது, பழைய ஹங்கேரி ராஜ்ஜியத்தின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் அதோடு போனது. ஓவியங்கள் மாட்டிய அந்தக் கூடத்தில் வயதான தம்பதி இருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள். படம் எடுத்துத் தர முடியுமா என்று அவர் செல்பேசியை நீட்டினார். புடாபெஸ்டாம். மனைவியின் பாட்டி பிறந்த ஊர் இப்போது ருமேனியாவில் இருக்கிறதாம். படம் எடுத்தேன், இருவரும் சிரிக்கவில்லை, இன்னொன்று எடுக்கட்டுமா என்றேன், வேண்டாம் என்றார்கள்.

செல்பேசியை வாங்கிக்கொண்டு, நீங்கள் எங்கிருந்து என்று கேட்டார். இந்தியா என்றேன். வேறு எங்கெல்லாம் போனீர்கள் என்றார். நெவ் ஷப்பெல் என்றேன். அவருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை, மனைவிக்கும் தெரியவில்லை. வெளியே படிக்கட்டில் வெயில் இருந்தது. நான்கு பேரும் அங்கே போய் உட்கார்ந்தோம், நான் மார்செய் துறைமுகத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.